வேலூர் மலைகளில் இறக்கையற்ற வெட்டுக்கிளிகளைத் தேடிக் கவனிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் எந்தப் புல்வெளியில் மழைக்காலத்தில் நடந்தாலும் காலடியிலிருந்து வெட்டுக்கிளிகள் தெறித்துப் பறக்கின்றன. அவற்றுள் சில மட்டும் பறப்பதில்லை. ஒரு தாவு தாவிப் புதருக்குள் விழுந்து அங்கேயே அசையாமல் இருந்துவிடுகின்றன. இப்படிப் பறக்காதவற்றில் பெரும்பாலானவை இறக்கை இன்னும் வளராத இளம்பூச்சிகள். எஞ்சிய சிலவோ வாழ்நாள் முழுவதும் இறக்கை இல்லாமலே உண்டு, இணைந்து, முட்டையிட்டு மடிகிற முதிர்ந்த பூச்சிகள். இந்த வழிகாட்டி அந்தச் சிலவற்றைப் பற்றியது. ஜவ்வாது மலை, ஏலகிரி, அமிர்திக் காட்டின் விளிம்பு போன்ற இடங்களில் அவற்றை எப்படித் தேடுவது, இளம்பூச்சியிலிருந்து எப்படிப் பிரித்தறிவது, அவற்றின் ஆண்டு முழுவதுமான வாழ்க்கையை எப்படிப் படிப்பது, எதை எப்படிப் பதிவு செய்வது என்பதை வரிசையாகச் சொல்ல முயல்கிறேன். பறக்க முடியாத பூச்சியைப் பொறுத்தவரை அது எந்த மலையின் எந்தச் சரிவில் இருந்தது என்ற செய்தி, அதன் பெயருக்கு நிகரான மதிப்புடையது என்பதே இதிலுள்ள ஒவ்வொரு படிக்கும் அடிப்படை.

முதல் படி: எதைத் தேடுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது

இறக்கையின்மை ஒரே குடும்பத்தின் பண்பன்று. வெட்டுக்கிளிகளின் பல கிளைகளில், ஒன்றோடொன்று தொடர்பில்லாமல், பலமுறை இறக்கை மறைந்திருக்கிறது. தென்னிந்தியாவில் தேடுபவர் முதன்மையாக இரண்டு குழுக்களை அறிந்திருக்க வேண்டும். ஒன்று பைர்கோமார்ஃபிடே என்னும் குடும்பம். கூம்பு போல முன்னே நீண்ட தலையும் சாய்ந்த முகமும் கொண்ட ஆர்த்தாக்ரிஸ், நியோர்த்தாக்ரிஸ் ஆகிய பேரினங்கள் இதில் அடங்கும். தக்காணத்தில் சோளப் பயிரைத் தின்று பெயர்பெற்ற கோல்மேனியா ஸ்பெனாரியாய்டிஸ் என்ற இறக்கையற்ற வெட்டுக்கிளியும் இக்குடும்பத்தையே சேர்ந்தது. மற்றொன்று யூமாஸ்டகாய்டியா என்னும் பெருங்குழு. அதில் மாஸ்டசைட்ஸ் என்ற பேரினம் தென்னிந்தியாவுக்கு உரியது. அக்ரிடிடே என்ற பெரிய குடும்பத்திலும் குட்டை இறக்கை உடையவையும் இறக்கையே இல்லாதவையும் உண்டு.

இந்தப் பூச்சிகளைப் பற்றிய அறிவியல் வரலாற்றில் தமிழ்நாட்டிற்கு ஒரு நேரடித் தொடர்பு இருப்பதை இங்கே சொல்லிவிடுவது நல்லது. திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் சேர்ந்திருந்த வெட்டுக்கிளி, சில்வண்டு முதலிய பூச்சிகளை ஆராய்ந்து, ஸ்பெயின் நாட்டுப் பூச்சியியலாளர் இக்னாசியோ பொலிவார் 1897 முதல் 1902 வரை பகுதி பகுதியாக ஒரு பிரெஞ்சு ஆய்விதழில் வெளியிட்டார். கோல்மேனியாவுக்கு 1910-இல் பெயரிட்டவரும் அவரே. மைசூர் அரசில் பூச்சியியலாளராகப் பணியாற்றிய கனடா நாட்டவரான லெஸ்லி கோல்மனின் பெயரை அதற்கு வைத்தார். தென்னிந்திய வெட்டுக்கிளிகளின் பெயர்களுக்குப் பின்னால் பொலிவார் என்ற பெயர் அடிக்கடி வருவதன் காரணம் இதுதான்.

இறக்கையற்றது என்றாலே மலைக்குரியது என்று எண்ணிவிடக் கூடாது. கோல்மேனியா சமவெளி வயல்களின் பூச்சி. ஆனால் உலகெங்கும் மலை ஏற ஏற, இறக்கை இல்லாததாலோ மிகக் குட்டையானதாலோ பறக்க இயலாதவற்றின் பங்கு கூடுகிறது. ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் போடிஸ்மா பெடெஸ்ட்ரிஸ், ஆஸ்திரேலியாவின் பனிமலைப் பகுதியில் கோசியஸ்கோலா ட்ரிஸ்டிஸ், நியூசிலாந்தின் உயர்மலைகளில் பிராக்காஸ்பிஸ், சைகஸ் பேரினங்கள் என்று இப்பட்டியல் நீளும். இவற்றுள் கோசியஸ்கோலாவின் ஆண் வியப்பிற்குரியது: குளிரில் கறுத்திருக்கும் அதன் உடல், வெப்பநிலை 25 டிகிரி செல்சியசைத் தாண்டும்போது பளிச்சென்ற நீலப்பச்சையாக மாறிவிடும்.

இரண்டாம் படி: இடமும் பருவமும்

வேலூர் நகரம் கடல்மட்டத்திலிருந்து 200 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. ஏலகிரியின் மேட்டுநிலம் ஏறத்தாழ 1,000 மீட்டரைத் தொடுகிறது. 1,000 மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் பொதுவாக 6 டிகிரி அளவுக்குக் குறையும் என்பதால், சித்திரை வெயிலில் வேலூர் கொதிக்கும்போதும் மேலே காலை நேரம் இதமாக இருக்கும். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகக் காவலூருக்கு ஏறும் சாலை, போளூரிலிருந்து அத்திமூர் வழியாக ஜமுனாமரத்தூருக்கு ஏறும் சாலை, பொன்னேரியிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏலகிரிக்கு ஏறும் சாலை ஆகிய மூன்றும் இந்த வெப்பப் படிநிலையைக் கடந்து செல்பவை என்பதால் தேடலுக்கு ஏற்றவை. அடிவாரம், நடுச்சரிவு, மேட்டுநிலம் என ஒவ்வொரு சாலையிலும் மூன்று நிலைகளில் நின்று தேடுங்கள். மேட்டுநிலத்தை மட்டும் பார்த்துவிட்டு இறங்கினால், கண்டது மலைக்குரியதா எங்கும் உள்ளதா என்று சொல்ல வழியிருக்காது.

காப்புக்காடுகளுக்குள் நுழைய வனத்துறையின் முன் அனுமதி வேண்டும். அது இல்லாவிட்டாலும் சாலையோரப் புதர்கள், ஊர்ப் பொது நிலங்கள், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு நுழையும் சாமை வயல்களின் வரப்புகள் ஆகியவை தொடக்கத்திற்குப் போதுமானவை. ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் களையெடுக்கும்போது வயலின் ஒவ்வொரு சாணையும் பார்ப்பவர்கள். வரப்பில் நிற்பவரிடம் "ஐயா, பறக்காமல் தத்தித் தத்திப் போகிற வெட்டுக்கிளி இங்கே உண்டா?" என்று கேட்டுப் பாருங்கள்; அரைநாள் அலைச்சல் மிச்சமாகும்.

நம் மாவட்டங்களுக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் கணிசமாகக் கிடைக்கின்றன. ஆண்டுக்கு ஒரே தலைமுறை காணும் இனங்களில், கோடையை மண்ணுக்குள் முட்டையாகக் கழித்த உயிர்கள் முதல் நல்ல மழைக்குப் பிறகு வெளிவரும். ஆவணி, புரட்டாசியில் பெரிய இளம்பூச்சிகளும், ஐப்பசி, கார்த்திகையில் முதிர்ந்தவையும் மிகுதியாகக் கிடைக்கும். ஆகவே முதல் முறை செல்பவர் ஐப்பசியில் மழை விட்ட ஒரு காலையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. முதிர்ந்த பூச்சியைக் கண்டு பழகிய கண்ணுக்குத்தான் ஆடி மாதத்து இளம்பூச்சி பிடிபடும்.

மூன்றாம் படி: அணுகும் முறை

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், ஒளி ஊடுருவும் மூடியுள்ள சிறு பெட்டிகள், மில்லிமீட்டர் அளவுகோல், குறிப்பேடு, பென்சில், வெள்ளைத் துணி, ஒரு பழைய குடை ஆகியவை போதும். பூச்சிவலை பறப்பவற்றுக்கானது, புதரில் தங்கும் இறக்கையற்றவற்றுக்குக் குடையே சிறந்த கருவி. விரித்த குடையைத் தலைகீழாகக் கிளைக்கு அடியில் பிடித்து, கிளையைக் கோலால் இரண்டு முறை தட்டினால், ஒட்டியிருப்பவை குடைக்குள் விழும். பறப்பவை உடனே எழுந்து போய்விடும். குடைக்குள் எஞ்சி இருப்பவற்றில்தான் நாம் தேடுவது இருக்கும்.

காலை ஏழு மணி முதல் ஒன்பது மணி வரையிலான நேரம் மிகவும் உகந்தது. இரவின் குளிரில் உடல் விறைத்திருக்கும் வெட்டுக்கிளி, சூரியனுக்குப் பக்கவாட்டில் திரும்பி, விலாப்பகுதி முழுவதிலும் வெயில் படும்படி நிற்கும். அந்த நிலையில் அது எளிதில் தாவாது. படம் எடுக்கவும் விலாப்புறமே நமக்கு வேண்டியது. உங்கள் நிழல் அதன்மேல் விழாமல் நெருங்குங்கள். பாறையும் சருகும் கலந்த சரிவுகளில் சுருட்டை விரியன் உண்டு; கணுக்காலை மூடும் காலணி இல்லாமல் இறங்க வேண்டாம், பார்க்காத இடத்தில் கை வைக்கவும் வேண்டாம்.

தாவலைப் பற்றி ஒரு சொல். பறக்க முடியாத பூச்சிக்குத் தப்பும் வழி இதுவொன்றே. பின்தொடையில் உள்ள பெரிய தசை நேரடியாகக் காலை உதைப்பதில்லை. மடங்கிய காலைப் பூட்டிவைத்து, முழங்காலில் உள்ள பிறை வடிவ வளையும் பகுதியிலும் தசைநாணிலும் மெதுவாக விசையைச் சேர்த்து, பூட்டைத் திறந்தவுடன் உண்டிவில் ரப்பரைப் போல ஒரே கணத்தில் அதை வெளிவிடுகிறது. தாவுவதற்கு முன் கணைக்கால் தொடையோடு இறுக ஒட்டிக்கொள்வதைக் கைலென்சில் காணலாம்; அப்போது அசைந்தால் பூச்சி போய்விடும்.

நான்காம் படி: முதிர்ந்ததா, இளம்பூச்சியா

இந்தப் படியில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். இணையத்தில் இறக்கையற்ற வெட்டுக்கிளி என்று பகிரப்படும் படங்களில் பல, இறக்கையுள்ள இனங்களின் இளம்பூச்சிகளே. நம் சமவெளிகளில் எருக்கஞ்செடியில் கூட்டமாக இருக்கும் போய்க்கிலோசெரஸ் பிக்டஸ் என்ற வண்ண வெட்டுக்கிளியின் இளம்பூச்சி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வெளிர்மஞ்சள் உடலில் கரும்புள்ளிகளும் சிறு சிவப்புப் புள்ளிகளுமாக, அளவிலும் பெரிதாக இருக்கும் அதைப் பார்ப்பவர், அது வளர்ந்து மஞ்சளும் நீலமும் கலந்த முழு இறக்கையுள்ள பூச்சியாகும் என்று நினைக்க மாட்டார்.

முதலில் மார்பின் பக்கவாட்டைப் பாருங்கள். இறக்கை உருவாக வேண்டிய இளம்பூச்சியில், நடுமார்பின் மேல்தகடும் பின்மார்பின் மேல்தகடும் கீழ்ப்பின் மூலையில் சற்று நீண்டு, கீழ்நோக்கிய இரண்டு சிறு மடல்களாகத் தெரியும். தோலுரிக்கத் தோலுரிக்க அவை பெரிதாகும். கடைசி இரண்டு இளம்பருவங்களில் அம்மடல்கள் திடீரென்று மேல்நோக்கிப் புரண்டு முதுகின்மேல் முக்கோணங்களாக அமர்கின்றன. அவ்வாறு புரளும்போது பின்னிறக்கை மடல் வெளியிலும், முன்னிறக்கை மடல் அதற்கு அடியிலும் அமைந்துவிடும். முதிர்ந்த பூச்சியில் இது நேர்மாறு: எவ்வளவு குட்டையாக இருந்தாலும் முன்னிறக்கையே வெளியில், பின்னிறக்கை அதன் அடியில். ஆகவே முதுகில் சிறு மடல்கள் உள்ள பூச்சியைக் கண்டால் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, வெளியில் தெரிவது முன்னிறக்கையா பின்னிறக்கையா என்பதுதான். இந்த ஒரு கேள்வி குட்டை இறக்கையுள்ள முதிர்ந்த பூச்சியையும் இளம்பூச்சியையும் ஐயமின்றிப் பிரித்துவிடும்.

மடலே இல்லாத பூச்சிகளில் இந்த வழி பயன்படாது. அங்கே வயிற்றின் நுனிக்குச் செல்ல வேண்டும். முதிர்ந்த பெண்ணின் வயிற்று நுனியில், மண்ணைத் துளைக்கும் இரண்டு இணைக் கொக்கிகள், மேல் இணை மேல்நோக்கியும் கீழ் இணை கீழ்நோக்கியும் வளைந்து, கடினமான கறுத்த முனைகளோடு இருக்கும். இளம் பெண்ணில் அதே உறுப்புகள் குட்டையாக, மென்மையாக, உடலின் நிறத்திலேயே இருக்கும். முதிர்ந்த ஆணின் வயிற்று நுனியைக் கீழிருந்து ஒரு படகு வடிவத் தகடு தாங்கி நிற்கும். அதன் மேலே இருபுறமும் உள்ள சிறு கொம்புகள் விறைப்பாகவும் தெளிவான வடிவத்தோடும் இருக்கும். இனத்தைத் துல்லியமாகக் கண்டறிய வல்லுநர்கள் பார்ப்பதும் பெரும்பாலும் இந்தக் கொம்புகளின் வடிவத்தையும் ஆணின் உள்ளுறுப்புகளையும்தான் என்பதால், வயிற்று நுனி தெரியாத படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் என் கணக்கில் அரைப் படமே.

தலைக்குப் பின்னால் முதுகை மூடும் முன்மார்புக் கவசமும் உதவும். பறப்பவற்றில் அது பின்னோக்கி நீண்டு இறக்கையின் அடியை மூடியிருக்கும். இறக்கையற்றவற்றில் மூடுவதற்கு எதுவும் இல்லாததால், கவசம் குட்டையாகவும் அதன் பின்விளிம்பு நேராகவோ நடுவில் சற்று உள்வாங்கியோ காணப்படும். ஆனால் இளம்பூச்சிகளிலும் கவசம் குட்டையாகவே இருக்கும் என்பதால் இதை மட்டும் நம்பக் கூடாது.

நடத்தை தரும் சான்றும் உண்டு. பைர்கோமார்ஃபிடே குடும்பத்தில் சிறிய ஆண் பெரிய பெண்ணின் முதுகில் நெடுநேரம் அமர்ந்திருப்பது வழக்கம். முதுகில் இருப்பது மட்டும் முதிர்ச்சிக்குச் சான்றாகாது. வயிற்று நுனிகள் இணைந்திருக்க வேண்டும். பெண் மண்ணில் முட்டையிடுவதைக் கண்டால் வேறு சான்றே தேவையில்லை.

ஐந்தாம் படி: குழுவை அறிவது

உணர்கொம்பு உடலைவிட நீண்டு மயிரிழை போல இருந்தால் நீங்கள் பிடித்திருப்பது வெட்டுக்கிளி அன்று, சில்வண்டுகளின் உறவினம். அவற்றிலும் இறக்கையற்றவை ஏராளம் என்பதால் இதை முதலில் பார்த்துவிட வேண்டும். கவசம் பின்னோக்கி நீண்டு வயிறு முழுவதையும் மூடியிருந்தால் அது டெட்ரிஜிடே என்ற குறுவெட்டுக்கிளிக் குடும்பம். ஓடைக்கரையின் ஈர மண்ணில் பாசி தின்று வாழ்பவை, ஒரு நகத்தளவே இருக்கும்.

தலையின் முன்முனையில் நடுவே ஒரு நுண்ணிய பள்ளக்கோடு இருந்தால் பைர்கோமார்ஃபிடே. இது நம்பகமான அடையாளம். கைலென்சை மேலிருந்து பிடித்தால் தெரியும். ஆர்த்தாக்ரிஸ் வகைகள் மெலிந்து நீண்டு குச்சி போலக் கிளையோடு ஒட்டிக்கொள்வதால், பூச்சி கிளையின் மறுபக்கத்திற்கு மெல்ல நகர்ந்து மறையும் அசைவைக் கொண்டே பல முறை அதைக் கண்டுபிடிக்க நேரும்.

உணர்கொம்பு மிகவும் குட்டையாகவும், தலை கவசத்தின் மட்டத்திற்கு மேலே தூக்கினாற்போலவும், ஓய்வில் இருக்கும்போது பின்கால்கள் இரு பக்கமும் அகல விரிந்தும் இருந்தால் அது யூமாஸ்டகாய்டியா. கால் விரித்து அமரும் இந்தத் தோற்றத்தை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். இவற்றுக்கு வயிற்றின் முதல் கண்டத்தில், அதாவது முதல் வளையப் பகுதியில், செவிப்பறை கிடையாது. மற்ற குடும்பங்களின் இறக்கையற்ற இனங்களிலும் செவிப்பறை சுருங்கியோ மறைந்தோ போயிருப்பதுண்டு. வெட்டுக்கிளிகள் பல, தொடையை முன்னிறக்கையில் உரசித்தான் ஒலி எழுப்புகின்றன. இறக்கை போனபோது அந்த ஒலியும் போனது. ஆகவே செவியை நம்பித் தேட இங்கே வழியில்லை.

ஆறாம் படி: ஓராண்டு வாழ்க்கையைத் தொடர்வது

ஒரே இடத்திற்கு மாதம் ஒருமுறையாவது திரும்பிச் செல்லுங்கள். எந்தச் செடியில் இருந்தது என்பதோடு எதைத் தின்றது என்பதையும் தனியே குறியுங்கள்; இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. புல் தின்பவற்றின் தாடைகள் அரைக்கவும், அகன்ற இலை தின்பவற்றின் தாடைகள் வெட்டவும் ஏற்றபடி அமைந்திருக்கும். பைர்கோமார்ஃபிடே வகைகள் பெரும்பாலும் அகன்ற இலைகளை நாடுபவை. பெட்டியில் இரண்டு மூன்று செடிகளின் இலைகளை வைத்து ஓர் இரவு விட்டு, மறுநாள் கடித்த விளிம்புகளைப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும். பிறகு பிடித்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். அடுத்த சரிவில் விடுவதுகூட இந்தப் பூச்சியின் பொருட்டில் தவறு. காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன்.

முட்டையிடும் பெண், வயிற்றைக் கண்டங்களுக்கு இடையிலுள்ள சவ்வுகள் விரியும்படி நீட்டி, இயல்பான நீளத்தைவிட ஆழமாக மண்ணுக்குள் செலுத்தும். முட்டைகளோடு சுரக்கும் நுரை மண்துகள்களோடு சேர்ந்து இறுகி ஒரு கூடாகிறது; மேலே நுரையாலான ஒரு அடைப்பும் அமைகிறது. அடுத்த மழை வரும்போது குஞ்சுகள் மேலேறும் வழி அந்த அடைப்புதான். முட்டையிலிருந்து வருவது முதலில் வெட்டுக்கிளி போலவே இராது. கால்கள் உடலோடு ஒட்டிய புழு வடிவில் நெளிந்து மண்ணின் மேல்மட்டத்தை அடைந்ததும், மெல்லிய உறை ஒன்றைக் கழற்றிவிட்டுக் காலூன்றி நிற்கும். மழைக்குப் பிந்தைய முதல் வெயில் காலையில், வெறும் மண் திட்டுகளின் அருகே வெண்ணிறச் சிறு உறைகள் கிடந்தால் அங்கே பொரிப்பு நடந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

பகைவர்களின் பட்டியல் நீண்டது, அதில் சிலவற்றை நீங்கள் வேறு பெயரில் ஏற்கெனவே அறிவீர்கள். மழைக்காலத்தில் பூக்களைத் தின்னும், கறுப்பும் ஆரஞ்சும் பட்டையிட்ட கொப்புள வண்டின் புழுப்பருவம் மண்ணுக்குள் வெட்டுக்கிளியின் முட்டைக்கூட்டைத் தின்று வளர்வது. முதல் மழைக்குச் செம்பட்டுத் துணுக்குகளாகத் தரையில் ஊரும் பட்டுப்பூச்சி எனப்படும் செவ்வுண்ணி இனங்களின் இளம்பருவம், வெட்டுக்கிளி போன்ற பூச்சிகளின் உடலில் ஒட்டிச் சாறு உறிஞ்சும். இறக்கை இல்லாதவற்றில் மார்புத் தகடுகளின் இடுக்குகளிலும் கால்களின் அடியிலும் சிவப்பு மணிகளைத் தேடுங்கள். செலியோ என்ற நுண்குளவி முட்டைக்குள்ளேயே முட்டையிடும். என்டோமோபாகா கிரில்லி என்ற பூஞ்சை பீடித்த வெட்டுக்கிளி, சாகும் முன் செடியின் உச்சிக்கு ஏறி, கால்களால் தண்டை இறுகத் தழுவிய நிலையில் காய்ந்து நிற்கும். அதன் உடலிலிருந்து வித்துகள் கீழே உள்ளவற்றின்மேல் உதிரும். ஈரமான கார்த்திகைக் காலையில் புல்நுனிகளில் அப்படித் தழுவி நிற்கும் உடல்களைக் கண்டால், அவற்றையும் படமெடுத்து எண்ணிக்கையோடு பதியுங்கள். கரட்டான், கீச்சான், மைனா ஆகியவை கண்ணுக்குத் தெரிந்த பகைவர்கள். அவற்றைப் பற்றி விரிக்கத் தேவையில்லை.

ஏழாம் படி: எவ்வளவு தூரம் நகர்கிறது என்று அளப்பது

இந்த வழிகாட்டியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது; செலவும் குறைவு. முதிர்ந்த பூச்சியின் முன்மார்புக் கவசத்தில் விரைவில் உலரும் பெயின்ட் பேனாவால் சிறு புள்ளி வைத்து, பிடித்த இடத்தில் எண்ணிட்ட மூங்கில் குச்சியை நட்டு, அங்கேயே விட வேண்டும். இளம்பூச்சிக்குப் புள்ளி வைத்தால் அடுத்த தோலுரிப்பில் அது தோலோடு போய்விடும் என்பதால் நான்காம் படி தெளிவாகாமல் இதைத் தொடங்கிப் பயனில்லை. நிறத்தையும் புள்ளியின் இடத்தையும் மாற்றினால் ஒவ்வொரு பூச்சியையும் தனித்தனியே அறியலாம். சில நாள் இடைவெளியில் சென்று, மறுபடி கண்ட இடத்திற்கும் குச்சிக்கும் உள்ள தூரத்தை நாடாவால் அளந்து எழுதுங்கள். குச்சிக்கு அருகில் மட்டும் தேடினால் அருகில் இருப்பவை மட்டுமே கிடைக்கும். வெளிவட்டத்திலும் அதே அளவு நேரம் தேட வேண்டும்.

ஆல்ப்ஸ் மலையில் போடிஸ்மாவை நிக் பார்ட்டன், காட்ஃப்ரி ஹெவிட் ஆகிய ஆய்வாளர்கள் இவ்வாறு அளந்தபோது, ஒரு தலைமுறைக்கான பரவல் ஏறத்தாழ 20 மீட்டர் அளவிலேயே இருந்தது. இலக்கின்றி அலையும் நகர்வு காலத்தோடு நேராகக் கூடுவதில்லை. காலத்தின் வர்க்கமூலத்தோடுதான் கூடும். ஆகவே ஏற்கெனவே பூச்சிகள் நிறைந்த ஒரு சரிவில், 100 தலைமுறைக்குப் பிறகும் பரவல் 200 மீட்டர் அளவில்தான் இருக்கும். ஆண்டுக்கு ஒரு தலைமுறை என்றால் அது ஒரு நூற்றாண்டு.

தென்பிரான்சின் ஆல்ப்ஸ் பகுதியில் இந்தப் பூச்சிக்கு, குரோமோசோம் அமைப்பில் வேறுபட்ட இரண்டு இனவகைகள் உள்ளன. ஒன்றில் ஆணுக்குத் துணையற்ற ஒற்றை எக்ஸ் குரோமோசோம். மற்றொன்றில் அந்த எக்ஸ் வேறொரு குரோமோசோமோடு இணைந்து, ஆணில் எக்ஸ்–ஒய் போன்ற புதிய இணை உருவாகியிருக்கிறது. இரண்டும் மலைமுகட்டை ஒட்டிச் சந்திக்கும் கலப்புப் பட்டை ஏறத்தாழ 800 மீட்டர் அகலமே கொண்டது. அதில் பிறக்கும் கலப்பு வாரிசுகள் பிழைப்பதில் பின்தங்குவதால் பட்டை அகலாமல் நிலைக்கிறது. மெதுவாக நகரும் உயிர் என்பதால்தான் இவ்வளவு நுண்ணிய எல்லை ஒரு மலைச்சரிவில் எழுதப்பட்டிருக்கிறது. பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்று சொன்னதன் காரணமும் இதுவே.

இதை நம் நிலத்தோடு பொருத்திப் பாருங்கள். ஏலகிரி தனித்து நிற்கும் குன்று. அதற்கும் ஜவ்வாது மலைக்கும் இடையே பயிரிடப்பட்ட வெப்பமான சமவெளி. ஜவ்வாதின் வடக்கே பாலாற்றுப் பள்ளத்தாக்கு, அதனுள் ரயில் பாதையும் நெடுஞ்சாலையும். பறக்கும் வெட்டுக்கிளிக்கு இவை தடையே அல்ல. மேட்டுநிலப் புதர்களில் மட்டும் வாழும் இறக்கையற்ற ஒன்றுக்கோ இவை கடல் நடுவே தீவுகள் இருப்பதற்குச் சமம். இரு மலைகளிலிருந்தும் ஒரே பேரினத்தின் முதிர்ந்த ஆண்களை, வயிற்று நுனி தெளிவாகத் தெரியும்படி படமெடுத்து அருகருகே வைத்து ஒப்பிடுவது, கல்லூரி மாணவர் எவரும் ஓர் ஐப்பசியில் செய்து முடிக்கக்கூடிய உண்மையான ஆய்வு.

இறக்கை ஏன் போனது

டார்வின் 1859-இல், மடெய்ரா தீவின் 550 வண்டினங்களில் 200 பறக்க இயலாதவை என்ற பூச்சியியலாளர் வொல்லஸ்டனின் கணக்கை எடுத்துக்காட்டி, பறப்பவற்றைக் காற்று கடலுக்கு அடித்துச் சென்றிருக்கும், பறக்காதவை தங்கியிருக்கும் என்று விளக்கினார். மலைமுகடுகளுக்கும் இதே விளக்கம் பலகாலம் சொல்லப்பட்டது. இன்று அதைவிட வலுவாக நிற்பவை வேறு இரண்டு காரணங்கள். பறக்கும் தசையை வளர்த்துப் பேணுவதற்கு ஆகும் உணவைச் சேமிக்கும் பெண், அதை முட்டைக்குச் செலவிடலாம். முன்னதாகவும் மிகுதியாகவும் முட்டையிடலாம். மேலும், பறத்தல் என்பது வாழிடம் அழியும்போது வேறிடம் தேடுவதற்கான வசதி; நூற்றாண்டுகளாக மாறாமல் நிற்கும் மலைப் புதருக்கு அந்த வசதி தேவைப்படுவதில்லை. குளிர்ந்த காற்றில் பறக்கும் தசையைச் சூடேற்றுவது கடினம் என்பது உயர்மலைகளுக்குப் பொருந்தும். ஏலகிரியின் உயரத்திற்கு அதை நீட்டுவது மிகை என்றே கருதுகிறேன். நம் குன்றுகளில் வாழிடத்தின் நிலைத்தன்மையே கூடுதல் பொருத்தமான விளக்கம். அதன் மறுபக்கமும் உண்டு: புதர் எரிந்தாலோ சாலைக்காக வெட்டப்பட்டாலோ, பறப்பவை அகன்று சென்று திரும்பி வரும், இவை திரும்பி வர அருகில் மிச்சம் ஒரு திட்டாவது இருக்க வேண்டும்.

எட்டாம் படி: பதிவு

ஒவ்வொரு பூச்சிக்கும் குறைந்தது நான்கு படங்கள் வேண்டும்: நேர் பக்கவாட்டில் முழு உடல், மேலிருந்து தலையும் கவசமும், முகம், வயிற்று நுனி. ஒன்றிலாவது அளவுகோல் தெரிய வேண்டும். நாள், நேரம், கைப்பேசி காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை, கடல்மட்ட உயரம், சரிவு நோக்கும் திசை, செடி, ஆணா பெண்ணா, முதிர்ந்ததா என்பவற்றை அங்கேயே எழுதுங்கள். கீழே இறங்கிய பின் நினைவிலிருந்து எழுதும் உயரத்தை நம்ப முடியாது. 'ஜவ்வாது மலை' என்று மட்டும் எழுதிய பதிவு இந்தப் பூச்சிக்குப் பயன்படாது. ஊர், ஓடை, சரிவு வரை எழுத வேண்டும். உயிரினப் பதிவுகளைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இணையதளத்தில் ஏற்றும்போது இனப் பெயரை ஊகித்து இடுவதைவிடக் குடும்பம் அல்லது பேரினத்தோடு நிறுத்துவது நல்லது. வல்லுநர் பார்க்கும்போது அது தானே இனப் பெயர் வரை இறங்கி வரும். மாதிரி சேகரித்துத்தான் தீர வேண்டும் என்ற நிலை வந்தால் அதைத் தனியாகச் செய்யாமல், வனத்துறை அனுமதியோடு, கல்லூரித் துறை வழியாகவோ சென்னையிலுள்ள இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்தைக் கேட்டோ செய்யுங்கள்.

தேடியும் கிடைக்காத இடங்களையும் அதே படிவத்தில் எழுதி வையுங்கள்: எத்தனை புதர்களைத் தட்டினீர்கள், எவ்வளவு நேரம், என்ன வானிலை. அடிவாரத்தில் ஒரு மணி நேரம் தேடி ஒன்றும் இல்லை, நடுச்சரிவில் ஒன்றும் இல்லை, மேட்டுநிலத்தின் முதல் புதரிலேயே மூன்று என்று எழுதிய பக்கம், மேட்டுநிலத்தில் எடுத்த முப்பது படங்களைவிட அந்தப் பூச்சியின் எல்லையைப் பற்றிக் கூடுதலாகச் சொல்லும். மறு ஆண்டு அதே மாதத்தில் அதே மூன்று இடங்களிலும் அதே அளவு நேரம் தேடி, இரண்டு பக்கங்களையும் ஒப்பிடுங்கள்.